சினிமாவில் வராத விமானி

மலருக்குக் கட்டுரை வேண்டும் என்று சங்கத்திலிருந்து கேட்டபோது, கல்லூரி நாட்களின் இனிய நினைவுகள் என்று வழக்கம்போல் நாலு பக்கம் எழுதிக் கொடுத்துவிடலாம் என்றுதான் இருந்தேன். அதற்குள் நம் வகுப்புத் தோழர் ஒருவரிடமிருந்து போன் வந்தது. பெயரைப் போட்டால் கோபித்துக்கொள்வார். கண்ணாடிக்காரர் என்று சொன்னால் எங்கள் செட்டுக்குத் தெரியும். அவருடைய பேரன் பிளஸ் டூ படிக்கிறான். 2022இல் வந்த டாப் கன் மேவரிக் படத்தைச் செல்போனில் பத்துத் தடவை பார்த்துவிட்டு, போர் விமானி ஆகாமல் விடமாட்டேன் என்று நிற்கிறானாம். சரி போடா என்று சொல்லத் தாத்தாவுக்குத் தைரியமில்லை. போகாதே என்று சொல்ல மனசும் இல்லை. நீரு ஏதாவது சொல்லும்வே என்று பொறுப்பை என் தலையில் கட்டிவிட்டார்.

என்னைக் கேட்டதற்குக் காரணம் உண்டு. அதே வயசில் அதே காய்ச்சல் எங்கள் ரெண்டு பேருக்கும் வந்தது. அப்போது நம்ம ஊரில் இங்கிலீஷ் படம் என்றால் ஞாயிற்றுக்கிழமை காலைக் காட்சிதான். மெட்ராசில் ஓடித் தேய்ந்த பிரிண்ட் பல வருஷம் கழித்து இங்கே வந்து சேரும். அப்படித்தான் 1966இல் வெளியான தி புளூ மாக்ஸ் படத்தை, எழுபதுகளின் பின்பாதியில், இரண்டாம் வருஷம் படிக்கும்போது ஜங்ஷன் பக்கத்துத் தியேட்டர் ஒன்றில் பார்த்தோம். முதல் உலகப் போர்க்கதை. ஜார்ஜ் பெப்பார்டு ஜெர்மன் விமானியாக வருவார். 20 எதிரி விமானங்களை வீழ்த்தினால் நீலச் சிலுவைப் பதக்கம் கிடைக்கும். அதற்காக அவர் எதையும் செய்யத் துணிவார். ஒரு கட்டத்தில் அவரும் சக விமானி ஒருவரும் வீம்புக்குப் போட்டி போட்டுக்கொண்டு ஆற்றுப் பாலத்துக்கு அடியில் விமானத்தை ஓட்டுவார்கள். தியேட்டரில் விசில் பறந்தது.

வெளியே வந்ததும் நாங்கள் செய்த முதல் காரியம், சைக்கிளை எடுத்துக்கொண்டு போய் ஈரடுக்கு மேம்பாலத்தின் கீழ்த்தளத்தில் ரெண்டு கையையும் விரித்துக்கொண்டு ஓட்டியதுதான். தலைக்கு மேலே பஸ் ஓட, கீழே நாங்கள் ஜெர்மன் விமானிகள். எதிரே வந்த பால்காரர் மேல் மோதித் தோழர் முட்டியைப் பெயர்த்துக்கொண்டார். கொட்டிய பாலுக்கு நான்தான் காசு கொடுத்தேன்.

அந்தப் பாலத்துக் காட்சியைப் பற்றி ஒரு விஷயம் ரொம்ப நாள் கழித்துத்தான் படித்தேன். படப்பிடிப்பு நடந்தது ஜெர்மனியிலும் இல்லை, பிரான்சிலும் இல்லை, அயர்லாந்தில். பாலத்துக்கு அடியில் பறந்தது போட்டி போட்ட ரெண்டு பேரும் இல்லை. டெரிக் பிகாட் என்ற ஒரே விமானிதான் இரண்டு பேருக்குமாகத் திரும்பத் திரும்பப் பறந்து காட்டினார். நாங்கள் விசிலடித்த போட்டி அங்கே நடக்கவே இல்லை.

தோழருக்குக் காய்ச்சல் இறங்கவில்லை. கயத்தாறுக்குப் பஸ் ஏறிப் போய், இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் போட்ட பழைய விமான ஓடுதளத்தை என்னையும் இழுத்துக்கொண்டு போய்க் காட்டினார். கட்டபொம்மனைத் தூக்கிலிட்ட ஊர் என்றுதான் எனக்குக் கயத்தாறு தெரியும். பட்டம் வாங்கிய பிறகு விமானப்படைத் தேர்வுக்கும் போனார். கண் பார்வை குறைவு என்று திரும்பி வந்தார். அன்றைக்கு ராத்திரி ஆற்றங்கரை மணலில் உட்கார்ந்து ரொம்ப நேரம் ஒன்றும் பேசாமல் இருந்தார். பிறகு பாங்கு வேலை, கல்யாணம், பிள்ளைகள் என்று காலம் ஓடிவிட்டது.

நான் தபால் இலாகாவில் சேர்ந்தேன். 1998 டிசம்பரில் புதுத் தபால்தலை ஒன்று வந்தது. இந்திர லால் ராய் என்ற பெயரும், ஒரு இளைஞர் முகமும், பழைய காலத்து விமானமும். யார் இவர் என்று கவுண்டரில் கேட்டவர்களுக்கு என்னால் பதில் சொல்ல முடியவில்லை. முதல் உலகப் போரில் நம்ம நாட்டுக்காரர் ஒருவர் போர் விமானம் ஓட்டினார் என்பதே எனக்கு அன்றுதான் தெரியும். ஜெர்மன்காரனாகவும் இங்கிலீஷ்காரனாகவும் நடித்துக்கொண்டு சைக்கிள் ஓட்டியவன் நான். அன்றிலிருந்து கிடைத்ததையெல்லாம் படித்துச் சேர்த்து வைத்ததுதான் இந்தக் கட்டுரை. பேரனுக்குச் சொல்ல என்னிடம் இருப்பதும் இவருடைய கதைதான்.

இந்திர லால் ராய் 1898 டிசம்பர் 2ஆம் தேதி கல்கத்தாவில் பிறந்தார். வீட்டில் லாடி என்று கூப்பிடுவார்களாம். தகப்பனார் பியாரி லால் ராய் பாரிஸ்டர். அரசாங்க வழக்கறிஞராகப் பெரிய பதவியில் இருந்தவர். தாயார் லோலிதா ராய். பிள்ளைகளின் படிப்புக்காகக் குடும்பம் லண்டனில் குடியேறியது. இவருடைய அண்ணன் பரேஷ் லால் ராய் பின்னாளில் இந்தியக் குத்துச்சண்டையின் தந்தை என்று பெயர் வாங்கியவர்.

தாயாரைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவேண்டும். 1911 ஜூன் 17ஆம் தேதி, ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் முடிசூட்டு விழாவுக்கு ஐந்து நாள் முன்பு, பெண்களுக்கு ஓட்டுரிமை கேட்டு லண்டனில் சுமார் 40,000 பெண்கள் ஊர்வலம் போனார்கள். அதில் சேலை உடுத்தி நடந்த இந்தியப் பெண்களின் அணியில் லோலிதா ராயும் ஒருவர். அந்தத் தேதியைப் படித்ததும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. 1911 ஜூன் 17 என்றால் நம்ம ஜில்லாக்காரர்களுக்குச் சொல்லவேண்டுமா? அன்று காலையில்தான் மணியாச்சி ரயில் நிலையத்தில் திருநெல்வேலிக் கலெக்டர் ஆஷை செங்கோட்டை வாஞ்சிநாதன் சுட்டுவிட்டுத் தன்னையும் சுட்டுக்கொண்டார். அப்போது வ.உ.சி. சிறையில் இருந்தார். ஒரே நாள், ஒரே சாம்ராஜ்யம். ஒரு தாய் அதன் தலைநகரத் தெருவில் உரிமை கேட்டு நடக்கிறார். ஒரு வாலிபர் அதன் அதிகாரியைச் சுட்டு வீழ்த்துகிறார். லண்டன் பள்ளிக்கூடம் ஒன்றில் படித்துக்கொண்டிருந்த இந்திர லாலுக்கு அன்று 12 வயது. இதை ஏன் சொல்கிறேன் என்பது கடைசியில் விளங்கும்.

பையன் படித்தது ஹாமர்ஸ்மித்திலிருந்த செயின்ட் பால்ஸ் பள்ளியில். 1914 ஆகஸ்டில் போர் தொடங்கியபோது அவருக்கு வயது 15. செப்டம்பர் 22ஆம் தேதி எம்டன் கப்பல் மெட்ராஸ் மேல் குண்டு போட்டுவிட்டுப் போனதில், நம் வீடுகளில் எம்டன் என்ற சொல் நிரந்தரமாகத் தங்கிவிட்டது. நமக்குத் தெரிந்த முதல் உலகப் போர் அவ்வளவுதான். லண்டனில் இந்தப் பையன் பதுங்குகுழிச் சண்டைக்கு ஒரு சிறு பீரங்கியை வரைந்து யுத்த இலாகாவுக்கு அனுப்பி வைத்திருக்கிறார். நன்றாகப் படம் வரைவார். ஆக்ஸ்போர்டில் படிக்கவும் வழி இருந்தது. அவர் போனது விமானப்படைக்கு.

போனார் என்று சுலபமாக எழுதிவிட்டேன். கண் பார்வை சரியில்லை என்று முதலில் திருப்பி அனுப்பிவிட்டார்கள். இந்த இடத்தைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு ஆற்றங்கரை மணல்தான் ஞாபகம் வரும். பையன் விடவில்லை. தன்னுடைய மோட்டார் சைக்கிளை விற்றுக் காசாக்கி, லண்டனில் பெரிய கண் டாக்டர் ஒருவரிடம் மறுபடியும் சோதித்துக்கொண்டு வந்தார். பார்வை போதும் என்று அவர் சொல்ல, முதல் முடிவு மாறியது. நம்ம தோழருக்கு விற்பதற்கு மோட்டார் சைக்கிள் இல்லை. இருந்ததெல்லாம் வாடகை சைக்கிள்தான்.

1917 ஜூலை 5ஆம் தேதி ராயல் ஃபிளையிங் கோர்ஸில் செகண்ட் லெப்டினன்ட் ஆனார். வயது 18 முடிந்து ஏழு மாதம். அந்தக் காலத்தில் ஒரு இந்தியருக்கு ராணுவ அதிகாரிப் பதவி கிடைப்பது குதிரைக்கொம்பு. விமானப்படைக்குள் நுழைந்த இந்தியர்களில் இன்று பெயர் தெரிந்தவர்கள் நாலு பேர். ஹர்தித் சிங் மாலிக், தலைப்பாகைக்கு மேல் மாட்டத் தனி ஹெல்மெட் செய்துகொண்டு பறந்த சர்தார்ஜி. இங்கே இடமில்லை என்றால் பிரெஞ்சு விமானப்படையில் சேர்ந்துவிடுவேன் என்று சொல்லி, ஆக்ஸ்போர்டு ஆசிரியரின் சிபாரிசில் உள்ளே போனவர். காயம்பட்டும் பிழைத்து, சுதந்திர இந்தியாவின் தூதராகி, 1985 வரை வாழ்ந்தார். எரல் சந்தர் சென் சுடப்பட்டு விழுந்து ஜெர்மானியரிடம் கைதியானார். பம்பாய்க்காரரான வெலிங்கர் 1918 ஜூனில் இறந்தார். நாலாவது ஆள் நம் இந்திர லால்.

1917 அக்டோபர் 30ஆம் தேதி பிரான்சில் 56ஆம் ஸ்க்வாட்ரனில் போய்ச் சேர்ந்தார். அது பேர் பெற்ற படைப்பிரிவு. அவர் சேர்வதற்கு ஒரு மாதம் முன்பு, செப்டம்பர் 23ஆம் தேதி, அந்தப் பிரிவுக்கும் வெர்னர் வோஸ் என்ற ஜெர்மன் விமானிக்கும் நடந்த சண்டை சினிமாவையே தோற்கடித்துவிடும். ஒரே ஆள், மூன்றடுக்கு இறக்கை விமானத்தில், பிரிட்டிஷ் விமானங்கள் பலவற்றைச் சுமார் 10 நிமிஷம் தனியாகச் சமாளித்தார். கடைசியில் ரைஸ் டேவிட்ஸ் என்ற 19 வயசுப் பையன் அவரை வீழ்த்தினார். செத்த வோஸுக்கு வயது 20. வீழ்த்திய ரைஸ் டேவிட்ஸும் அக்டோபர் 27ஆம் தேதி செத்துப்போனார். மூன்று நாள் கழித்து இந்திர லால் அந்த ஸ்க்வாட்ரனுக்கு வந்து சேர்கிறார். சினிமா மாதிரிச் சண்டைகள் நடந்ததே இல்லை என்று நான் சொல்லவில்லை. நடந்தன. அபூர்வமாக நடந்ததால்தான் அவற்றைப் பற்றி இன்றும் எழுதுகிறார்கள்.

சேர்ந்து ஆறு வாரம் ஆகவில்லை, டிசம்பர் 6ஆம் தேதி அவருடைய விமானம் தரையில் மோதி நொறுங்கியது. எதிரி யாரும் சுடவில்லை, விபத்துதான். செத்துவிட்டார் என்று நினைத்துப் பிணவறையில் போட்டுவிட்டதாகவும், நினைவு திரும்பி அவர் உள்ளேயிருந்து கதவைத் தட்டியதாகவும் ஒரு கதை உண்டு. அது எப்படியோ, பலத்த காயம் என்பது உண்மை. அந்தக் காலத்தில் எதிரி சுட்டுச் செத்தவர்கள் ஒரு பக்கம் என்றால், பயிற்சியிலும் விபத்திலும் செத்தவர்கள் இன்னொரு பக்கம். படங்களில் இது குறைவாகத்தான் வரும். சுவரில் மோதிச் சாகும் கதாநாயகனுக்கு யார் டிக்கெட் வாங்குவார்கள்?

ஆஸ்பத்திரியில் படுத்திருந்த நாட்களில் விமானங்களாக வரைந்து தள்ளியிருக்கிறார். அந்தப் படங்களில் பல இன்றும் இருக்கின்றன. உடம்பு தேறியதும், பறக்கத் தகுதியில்லை, தரையில் தளவாட வேலை பார் என்று வைத்துவிட்டார்கள். மறுபடியும் மனு, மறுபடியும் மன்றாட்டு. 1918 ஜூன் மாதம் 40ஆம் ஸ்க்வாட்ரனில் மீண்டும் விமானியானார். இதற்குள் ஏப்ரல் 1ஆம் தேதி படையின் பெயரும் ராயல் ஏர் ஃபோர்ஸ் என்று மாறியிருந்தது.

அவர் ஓட்டியது எஸ்.ஈ.5ஏ என்ற விமானம். மரச்சட்டம், அதன்மேல் இழுத்துக் கட்டிய லினன் துணி, துணிமேல் பூசிய மெருகு. மணிக்கு 220 கிலோமீட்டர் வரை போகும். இரண்டு இயந்திரத் துப்பாக்கிகள். ஒன்று முன்னால் சுழலும் இறக்கைகளுக்கு நடுவே அவற்றில் படாமல் சுடும். சுழற்சியோடு இணைத்த ஒரு அமைப்பு அந்தக் கணக்கைப் பார்த்துக்கொள்ளும். இன்னொன்று மேல் இறக்கையின் தலையில் இருக்கும். அதன் குண்டு வட்டு தீர்ந்துவிட்டால், பறந்துகொண்டே துப்பாக்கியைக் கீழே இழுத்து வேறு வட்டு மாட்டவேண்டும். மேலே கூரை கிடையாது. 15,000 அடி உயரத்தில், ஆக்சிஜன் இல்லாமல், உறையும் குளிரில், காற்று முகத்தில் அறைய உட்கார்ந்திருக்கவேண்டும். மாலிக் ஓட்டிய கேமல் மாதிரி விமானங்களில் எஞ்சினே சுழலும். அதற்கு உயவு விளக்கெண்ணெய். எரிந்த எண்ணெய்ப் புகை விமானி மூக்கிலும் வாயிலும் போகும். விளக்கெண்ணெய் வயிற்றுக்குள் போனால் என்ன ஆகும் என்று நம்ம ஊர்ப் பாட்டிமாருக்குத் தெரியும். எந்தக் கதாநாயகனும் அதற்காகத் திரையில் ஓடிப்போய் நான் பார்த்ததில்லை.

இன்னொன்று, பாராசூட். பலூனில் நின்று வேவு பார்த்தவர்களுக்கு இருந்தது. ஜெர்மன் விமானிகளுக்கு 1918இல் வந்தது. பிரிட்டிஷ் போர் விமானிகளுக்குப் போர் முடியும்வரை கொடுக்கவில்லை. துணி விமானத்தில் தீப்பிடித்தால் உட்கார்ந்து எரியவேண்டும், அல்லது குதிக்கவேண்டும். இந்திர லால் ஒவ்வொரு நாளும் இதைத் தெரிந்துகொண்டுதான் ஏறினார்.

40ஆம் ஸ்க்வாட்ரனில் அவருடைய தலைவர் ஜார்ஜ் மெக்கல்ராய் என்ற அயர்லாந்துக்காரர். வேட்டையில் கைதேர்ந்தவர். அவரிடம் தொழில் கற்றார் இந்திர லால். 1918 ஜூலை 6ஆம் தேதி முதல் வெற்றி. ஜூலை 8ஆம் தேதி நாலு மணி நேரத்துக்குள் மூன்று. 13ஆம் தேதி இரண்டு, 15ஆம் தேதி இரண்டு, 18ஆம் தேதி ஒன்று, 19ஆம் தேதி ஒன்று. ஆகப் பத்து, அதில் இரண்டு மற்றவர்களோடு பங்கு. முதலாவதிலிருந்து பத்தாவது வரை 13 நாள் இடைவெளி. ஐந்து வீழ்த்தினாலே ஏஸ் என்று சொல்லும் கணக்கில், இவர் இந்தியாவின் முதல் ஏஸ்.

அந்தப் பத்தும் என்னென்ன விமானங்கள் என்று பட்டியலைப் பார்த்தால்தான் சினிமாவுக்கும் நிஜத்துக்கும் உள்ள தூரம் தெரியும். பாதிக்கு மேல் சண்டை விமானங்களே இல்லை. ஹான்னோவர் போன்ற இரண்டு பேர் உட்காரும் விமானங்கள். முன்னால் ஓட்டுபவர், பின்னால் துப்பாக்கியோடு ஒருவர். வேவு பார்ப்பதும், படம் எடுப்பதும், பீரங்கிக்குக் குறி சொல்வதும், தரைப்படைக்குத் துணை போவதும்தான் அந்த ரகத்து விமானங்களின் வேலை. ஆகாயப் போரே இவர்களுக்காகத்தான் நடந்தது. வேவுக்காரன் எடுத்துக்கொண்டு போகும் ஒரு படத்தால் மறுநாள் பதுங்குகுழியில் நூறு பேர் சாவார்கள். அதனால் அவனை வீழ்த்த வேட்டைக்காரன்; வேட்டைக்காரனைத் தடுக்க இன்னொரு வேட்டைக்காரன். சினிமாவில் இந்த இரண்டாவது சண்டை மட்டும்தான் மிஞ்சியிருக்கிறது. ராஜகுமாரர்கள் இரண்டு பேர் வாள் சுழற்றுகிற மாதிரி, சமமான இருவர் நேருக்கு நேர் சுற்றிச் சுற்றி வந்து, சல்யூட் அடித்துக்கொண்டு பிரிவார்கள்.

உண்மையில் நடந்ததென்ன? 1916லேயே பொயல்க்கே என்ற ஜெர்மன் விமானி இந்தத் தொழிலுக்கு விதிகள் எழுதி வைத்துவிட்டார். சூரியனை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொள், பின்பக்கமிருந்து போ, ரொம்பக் கிட்டப் போன பிறகே சுடு. சுருக்கமாகச் சொன்னால், அவன் பார்ப்பதற்குள் முடித்துவிடு. சுட்டது யார் என்றே தெரியாமல் செத்தவர்கள் எத்தனையோ பேர். சொந்த எஞ்சின் சத்தத்தில் பின்னால் வருபவன் சத்தம் காதில் விழாது. விதி எழுதிய பொயல்க்கேயும் சண்டையில் தன் தோழர் விமானத்தோடு உரசித்தான் செத்தார். இதையெல்லாம் அப்படியே படமாக்கினால் பத்து விநாடியில் காட்சி முடிந்துவிடும். கேமராவுக்கு இரண்டு விமானமும் ஒரே சட்டத்தில் வேண்டும். நடிகர் முகமும் தெரியவேண்டும். அதனால்தான் படத்தில் எல்லாரும் பக்கத்தில் பக்கத்தில், நிதானமாக, ரொம்ப நேரம் பறக்கிறார்கள்.

படக்காரர்கள் எல்லாரும் பொய்க்காரர்கள் என்று சொன்னால் அதுவும் பாவம். பின்னாளில் கேசட்டிலும் டிவியிலுமாக மற்ற படங்களையும் தேடிப் பார்த்தேன். 1927இல் விங்ஸ் எடுத்த வில்லியம் வெல்மன் அந்தப் போரில் பறந்தவர். மேகம் பின்னணியில் இல்லாவிட்டால் வேகம் தெரியாது என்று நல்ல மேகம் வரும்வரை நாள் கணக்கில் படப்பிடிப்பை நிறுத்தி வைத்தவர். முதல் ஆஸ்கார் விழாவில் சிறந்த படம் என்ற பரிசு அதற்குத்தான். ஹோவர்ட் ஹியூஸ் எடுத்து 1930இல் வெளிவந்த ஹெல்ஸ் ஏஞ்சல்ஸ் படப்பிடிப்பில் விமானிகள் நிஜமாகவே செத்தார்கள். 1930இலும் 1938இலும் இரண்டு முறை எடுத்த டான் பேட்ரோல் படத்தில், பயிற்சி போதாத பையன்களைத் தினமும் சாவுக்கு அனுப்பவேண்டிய தளபதியின் வேதனைதான் கதை. 1976இல் வந்த ஏசஸ் ஹை படத்தில் புதிதாக வந்த பையனுக்கு ஒரு வாரம்தான் ஆயுசு. இந்திர லால் இருந்த 56ஆம் ஸ்க்வாட்ரனில் அவருக்கு முன்பு பறந்த செசில் லூயிஸ் எழுதிய நினைவுக் குறிப்புகளிலிருந்தும் அந்தப் படத்துக்குச் சரக்கு எடுத்திருக்கிறார்கள். சண்டைக் காட்சியில் கோட்டை விட்டாலும், தரையிலுள்ள காட்சிகளில் இந்தப் படங்கள் உண்மையைத் தொட்டிருக்கின்றன. சாப்பாட்டு மேசையில் நேற்று இருந்தவன் நாற்காலி இன்று காலியாக இருக்கும்; அதைப் பார்க்காத மாதிரி மற்றவர்கள் சிரித்துப் பேசுவார்கள். அது நிஜம்.

ஆனால் அந்தக் காலி நாற்காலிகளில் ஒன்றுகூட நம்மவருடையது இல்லை. ஜெர்மன் சிவப்பு விமானி ரிச்தோஃபன் 80 விமானங்களை வீழ்த்தியவர். அவருக்கு 1971இலும் 2008இலும் தனித்தனிப் படங்கள். 2006இல் வந்த ஃபிளைபாய்ஸ் படத்தில், பிரெஞ்சுப் படையில் பறந்த கறுப்பின அமெரிக்கர் யூஜின் புல்லார்டை மனதில் வைத்து ஒரு பாத்திரம் உண்டு. அதே படத்தில் ஜெர்மன் சண்டை விமானங்கள் ஏறக்குறைய எல்லாம் ஒரே ரக மூன்றடுக்கு விமானங்களாக வரும் கூத்தும் உண்டு. நான் பார்த்த எந்தப் படத்திலும் தலைப்பாகை மாலிக் இல்லை. இந்திர லாலும் இல்லை. இங்கிலீஷ் படங்களில் வரும் இந்தியர் தேநீர்த் தட்டு தூக்குவார். அதிகம் போனால் தரையில் துப்பாக்கி பிடிப்பார். அதைப் பார்த்து வளர்ந்ததால்தான், பாலத்துக்கு அடியில் கையை விரித்தபோதுகூட நாங்கள் வெள்ளைக்காரர்களாகவே பறந்தோம்.

1918 ஜூலை 22ஆம் தேதி காலை. பிரான்சில் கார்வின் என்ற ஊருக்கு மேலே ஜெர்மன் ஃபோக்கர் விமானங்களோடு சண்டை. இந்திர லாலின் விமானம் விழுந்தது. வயது 19. இருபது முடிய இன்னும் நாலு மாதம் இருந்தது. அவர் மொத்தம் பறந்தது சுமார் 170 மணி நேரம். கணக்குப் போட்டால் ஒரு வாரம். அருகே எஸ்தெவெல் என்ற கிராமத்து இடுகாட்டில் அவரை அடக்கம் செய்திருக்கிறார்கள். கல்லறையில் பிரெஞ்சிலும் வங்காளியிலும் எழுதியிருக்கிறது. செப்டம்பரில், இறந்தவருக்கு டிஸ்டிங்விஷ்டு ஃபிளையிங் கிராஸ் அறிவிக்கப்பட்டது. அந்தப் பதக்கம் பெற்ற முதல் இந்தியர் அவர். தொழில் சொல்லிக்கொடுத்த மெக்கல்ராயும் ஜூலை 31ஆம் தேதி செத்தார். மெக்கல்ராய்க்குச் சொல்லிக்கொடுத்த மேனக் ஜூலை 26ஆம் தேதியே போய்விட்டார். ஆசிரியர், மாணவர், மாணவரின் மாணவர் என்று மூன்று தலைமுறையும் பத்தே நாளில் முடிந்தது. இந்திர லால் விழுந்து 112ஆவது நாள், நவம்பர் 11ஆம் தேதி, போரும் முடிந்தது.

அவர் யாருக்காகச் செத்தார் என்று நம்ம ஊர்க்காரர்கள் கேட்பார்கள். வ.உ.சி.யைச் செக்கிழுக்க வைத்த சாம்ராஜ்யத்துக்காகத்தானே என்று என்னிடமே ஒரு நண்பர் கேட்டார். கேள்வி நியாயமானதுதான். அதனால்தான் 1911 ஜூன் 17ஐ முதலில் சொன்னேன். ஒரே நாளில் ஒரு கூட்டம் நம்மவர்கள் அந்த ராஜ்யத்தின் உள்ளே நின்று பங்கு கேட்டார்கள். வேறு சிலர் வெளியே நின்று அதை உடைக்கப் பார்த்தார்கள். லோலிதா ராயின் மகன் முதல் வழியில் வளர்ந்த பிள்ளை. இந்தியனுக்கு விமானம் ஓட்டத் தெரியாது என்று யாரும் இனிமேல் சொல்ல முடியாதபடி செய்துவிட்டுப் போனார். 1932 அக்டோபர் 8ஆம் தேதி இந்திய விமானப்படை உண்டானது. 1954இல் அதன் முதல் இந்தியத் தளபதியான சுப்ரதோ முகர்ஜி இவருடைய உறவினர். வாஞ்சிக்குக் கிடைத்த இடம் இவருக்கு நம் மனசில் வேண்டாம். அதற்காக இடமே இல்லை என்பதும் சரியில்லை.

இப்போது பேரனுக்கு.

தம்பி, உன் தாத்தா சொல்லச் சொன்னதால் சொல்கிறேன். விமானி ஆவதற்கு ஆசைப்படு, தப்பே இல்லை. கண்ணைச் சோதித்துக்கொள், கணக்கை ஒழுங்காகப் படி, தேர்வுக்குப் போ. ஒருவர் முடியாது என்று சொன்னால் இன்னொருவரிடம் கேட்கும் பிடிவாதத்தை இந்திர லாலிடமிருந்து எடுத்துக்கொள். ஆனால் சினிமாவில் பார்த்ததுதான் அந்த வேலை என்று நினைத்துப் போகாதே. படத்தில் கதாநாயகன் எத்தனை வீழ்த்தினான் என்ற எண்ணிக்கை மட்டும் வரும். அவன் வீழ்த்திய ஒவ்வொரு ஹான்னோவரிலும் இரண்டு பேர் இருந்தார்கள். அவர்களும் அநேகமாக உன் வயசுக்கு ஒன்றிரண்டு கூடுதல்தான். படம் முடிந்ததும் நடிகர் எழுந்து வீட்டுக்குப் போவார். இவர்கள் ஒருவரும் எழுந்து வரவில்லை. அதைத் தெரிந்துகொண்டும் போகவேண்டும் என்று தோன்றினால், உன் தாத்தாவே உன்னை ரயிலேற்றி விடுவார். எனக்கு அவரைத் தெரியும்.

போன மாதம் கயத்தாறு வழியாகப் பஸ்ஸில் வந்தேன். நாங்கள் ஓடுதளம் பார்க்கப் போன நாளில் பொட்டலாகக் கிடந்த அந்தப் பக்கமெல்லாம் இப்போது காற்றாலைகள். ஆனி மாசக் காற்றில் அத்தனையும் சுற்றிக்கொண்டிருந்தன. ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த ஒரு சின்னப் பையன் கையை வெளியே நீட்டி அதே மாதிரி சுற்றினான். கையை உள்ளே எடு என்று கண்டக்டர் சத்தம் போட்டார்.

1998ஆம் வருஷத்துத் தபால்தலை ஒன்று என் பெட்டியில் பத்திரமாக இருக்கிறது. பழைய மாணவர் கூட்டத்துக்குத் தோழர் பேரனையும் கூட்டிக்கொண்டு வரட்டும். அவனிடம் கொடுத்துவிடுகிறேன்.